வண்டி வந்த சத்தம்

அந்தச் சென்சார் நாசமாப் போக! அதை நெனைச்சாலே எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வருதுங்க.

எங்கூட்டுக்காரர் லிங்கசாமி பக்கவாதம் வந்து படுத்துட்டாரு. பேச்சும் போச்சு, கண்ணும் போச்சு. யார் குரலும் தெரியறதில்லை. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். சாயங்காலம் எம்பொண்ணு கீர்த்தனா பனியன் கம்பெனியிலிருந்து அவரோட காருல வருவா. தொண்ணூத்தெட்டுல வாங்குன காரு. வீட்டு கேட்டுகிட்ட வந்து நின்னா எஞ்சின் ஏறும், எறங்கும், உறுமும். அது காதுல விழுந்ததும் மூஞ்சியை வாசப்பக்கம் திருப்பிச் சிரிப்பாரு. அந்தச் சிரிப்புக்குத்தான் நாளெல்லாம் காத்துக் கெடப்பேன்.

போன வாரம் தண்டவாளத்து மேலயே வண்டி அணைஞ்சு போச்சு. கேட் கீப்பர் ஓடியாந்து தள்ளிவிட்டாராம். புள்ளை வந்து சொன்னா. விடிஞ்சதும் ரெண்டு பேரும் மெக்கானிக் மாரிச்செல்வத்துகிட்டப் போனோம்.

"ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கோம்னு எஞ்சினுக்குச் சொல்லுத சென்சார் போயிட்டு யக்கா. அதான் இந்த ஆட்டம் ஆடுது"ன்னான், பனியன் வேஸ்ட்டுல கையைத் தொடைச்சுக்கிட்டே.

புதுசை மாட்டி, ஸ்க்ரூவை லூசா விட்டு, கரண்டு அளக்கற மீட்டர் வயரை வெச்சான். "யக்கா, ஏறி லேசா மிதிங்க. விடுங்க. இன்னொருக்கா." நான் மிதிக்க மிதிக்க, அவன் சென்சாரை மயிரிழை மயிரிழையாத் திருப்பி, மீட்டரைப் பாத்து முறுக்கினான். எஞ்சினோட உறுமல் அடங்கிப்போச்சு. "அட சாமி, இப்பத்தான் வண்டியாட்டம் இருக்குது!"ன்னேன். கூறுகெட்டவ.

அன்னிக்குச் சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊட்டிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா கீர்த்தனா பின்னால நிக்கறா. வண்டி வந்ததே எனக்குக் கேக்கலை. அவரு மூஞ்சி அசையலை. மறுபடி போய் ஹார்ன் அடிச்சா. திடுக்குனு தூக்கிப்போட்டுச்சே ஒழிய, சிரிப்பு வரலை.

மறுநாள் மாரிச்செல்வத்துகிட்ட ஓடினேன். "தம்பி, பழசையே மாட்டிக் குடு." விசயத்தைச் சொன்னதும் அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. பெட்டியிலிருந்து பழசை எடுத்தான்.

"மாட்டிரலாம்க்கா. நாளைக்குத் தண்டவாளத்துல கீர்த்தனா பாப்பாவோட வண்டி நின்னுட்டா?"

பழசை அவன் கையிலயே விட்டுட்டு வந்துட்டேன்.

இப்பல்லாம் கீர்த்தனா சீக்கிரமே வந்து அவர் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துக்கறா. வழக்கமா வண்டி வர்ற நேரமானா அவரு மூஞ்சி தானா வாசப்பக்கம் திரும்புது. "அப்பா, நான் வந்துட்டேனுங்க"ன்னு காதுக்குள்ள சொல்றா. இருட்டற வரைக்கும் அவரு அப்படியேதான் கெடக்கறாரு, மக இன்னும் வரலைன்னு.