ஓம் சொன்ன வாப்பா

பெற்றோர் கூட்டத்துக்கு முன்பு பெற்றோரிடம் பேச ஆசிரியர்களைப் பழக்கும் வேலையை எங்கள் பாடசாலை ஜப்பார் அதிபர் என்னிடம் தந்தார். நான் உயர்தர வகுப்புக்கு அளவையியல் என்ற தர்க்கப் பாடம் படிப்பிக்கிறவன். என் மனைவி ஸுஹைரா மவுத்தாகி, அவளை அடக்கியதிலிருந்து அவர் எனக்கு வேலை தேடித் தேடித் தருகிறார். நானும் மறுப்பதில்லை.

“போன முறை நம்மட டீச்சர்மார் பேசினது சுற்றுநிருபம் வாசிச்ச மாதிரி,” என்றார். “உம்மாமாரெல்லாம் தலையாட்டிட்டு எழும்பிப் போய்ட்டாங்க. கேட்டடில ஒரு பொம்பள என்னட்டக் கேக்குறா, ‘சேர், புள்ள பாஸா ஃபெயிலா?’ என்டு. ரெண்டாம் ஆண்டுப் புள்ளைக்கி!”

ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களை விஞ்ஞான கூடத்தில் இருத்தினேன். என் விதி சுருக்கமானது. முதலில் பிள்ளை நன்றாகச் செய்யும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு குறையை, கேட்டவுடன் விளங்கும் சொல்லில். கடைசியாக, வீட்டில் என்ன செய்வது என்று.

விளங்காமல் போன பேச்சுக்கு ஓர் உதாரணம் கேட்டேன். பளீலா டீச்சர் கையை உயர்த்தினார். ஏழு வயதுப் பிள்ளைகள் படிக்கும் இரண்டாம் ஆண்டு வகுப்பு அவருடையது. என் மகள் இனாஸும் அந்த வகுப்புத்தான். அவர் மேசையைப் பார்த்தபடி பேசினார்.

“ஒரு வாப்பாட்ட சொன்னேன் சேர். ‘பிள்ளையின் பார்வைப் புலன் தொடர்பாக அவதானம் செலுத்த வேண்டிய நிலை காணப்படுகிறது’ என்டு. அவர் ‘ஓம் டீச்சர், அல்ஹம்துலில்லாஹ்’ என்டுட்டுப் போய்ட்டார்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“புள்ளைய மெச்சுறீங்க என்டு நெனச்சிருப்பார் மனுசன்,” என்றார் முனவ்வரா டீச்சர்.

பளீலா டீச்சர் சிரிக்கவில்லை.

அந்த வாப்பாவாக நானே நடித்தேன். வலது கையை நெஞ்சில் வைத்து, தலையைச் சாய்த்து, “ஓம் டீச்சர், அல்ஹம்துலில்லாஹ்.” திரும்பச் செய்யச் சொன்னார்கள். செய்தேன். முனவ்வரா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

“இப்படிச் சொல்லுங்க,” என்றேன். “‘ஒங்கட புள்ளைக்கி போர்ட் தெரியிதில்ல. கண் காட்டுங்க.’ அவ்வளவுதான்.”

“நேராவே சொல்லலாமா சேர்?” என்று கேட்டார் பளீலா டீச்சர்.

“நேரா சொல்லாட்டி அந்த மனுசனுக்கு ஏறாது.”

கூட்டம் அடுத்த கிழமை, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு. வீட்டிலிருந்து புறப்படும்போது இனாஸ் கேட்டாள்:

“எல்லார்டயும் உம்மா வருவாங்க. நீங்க என்ட பக்கத்துல இருப்பீங்களா வாப்பா?”

“வாப்பாக்கு வேலை ஈக்கி மகள்.”

கையில் ஒரு கோப்புடன் வகுப்பு வகுப்பாக நடந்தேன். ஆசிரியர்கள் நன்றாகப் பேசினார்கள். வாப்பாமார் சிலர் வாசலில் நின்று கேள்விகூடக் கேட்டார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் உம்மாமார் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் சின்னக் கதிரைகளில் நெருங்கி இருந்தார்கள். இனாஸின் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது.

ஜன்னலோரம் இருந்த ஒரு தாய் என்னைக் கண்டுவிட்டார். “சேர், டீச்சர்மாரை மட்டுமா பாக்க வந்தீங்க? ஒங்கட புள்ளயும் இங்கதான் ஈக்கிறா.”

மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் போய் உட்கார்ந்தேன். முழங்கால்கள் நாடிவரை வந்தன.

எங்கள் முறை வந்தது. பளீலா டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

“இனாஸ் கதை சொன்னா முழு வகுப்பும் சத்தமில்லாமக் கேக்கும் சேர்.”

நிறுத்தினார். மூச்சு எடுத்தார்.

“ஒங்கட புள்ளைக்கி போர்ட் தெரியிதில்ல. கண் காட்டுங்க.”

நான் கொடுத்த சொற்கள். ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. என் வலது கை நெஞ்சில் இருந்தது. எப்போது போனதென்று தெரியாது. எடுத்தேன். அதை வைக்க இடம் தெரியவில்லை.

“அந்த வாப்பா நான்தானா?”

“நோன்புக்கு முன்னால, ஸ்டாஃப் ரூம்ல.” குரலைத் தாழ்த்தினார். “மவுத்து நடந்து நாப்பது நாளும் முடியல்ல. அந்த நேரத்துல ஒங்கள்ட்ட இன்னொரு கொறையச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. அதான் சுத்தி வளைச்சிச் சொன்னேன். அண்டைக்கி விஞ்ஞான கூடத்துல எல்லாருக்கும் முன்னால சொன்னதும் ஒங்களுக்கு வெளங்கட்டும் என்டுதான். நீங்க நடிக்கத் தொடங்கிட்டீங்க.”

ஜன்னலோரத் தாய் சிரிப்பை நிறுத்தியிருந்தார். வெளியே, ஒன்றுமில்லாத மைதானத்தைப் பார்த்தார்.

“முன்னுக்கு இருத்தியும் எழுத்து மாறுது சேர். புத்தளம் ஆசுபத்திரில செவ்வாய்க்கிழம கண் கிளினிக் ஈக்கி. காலையில நேரத்தோட போனாத்தான் நம்பர் எடுக்கலாம்.”

நான் இனாஸின் பக்கம் திரும்பினேன். மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் மகள் என்னட்ட சொல்லல்ல?”

“சொன்னேன் வாப்பா. நீங்க ஓம் என்டீங்க.”

அவள் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

மண்டபத்து ஒலிபெருக்கியில் ஜப்பார் அதிபர் என் பெயரைச் சொன்னார். இந்தக் கூட்டம் சிறக்கக் காரணமானவர் இப்போது நன்றியுரை சொல்வார் என்றார். திரும்பவும் சொன்னார். பளீலா டீச்சர் வாசலைப் பார்த்தார், பிறகு என்னை. நான் எழும்பவில்லை.

“கிளினிக் எண்டைக்கி என்டீங்க டீச்சர்?”

சொல்லித்தான் இருந்தார். அது எனக்குள் விழவில்லை.

“செவ்வாய்க்கிழம, சேர்.”

“செவ்வாய்க்கிழம,” என்றேன். “காலையில நேரத்தோட.”

இனாஸ் கண்ணைச் சுருக்கி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.