மாடியில் தூக்கிய கைகள்

ஆம்பூரில் அம்பரீன் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், கானாற்றுக்கு அந்தப் பக்கம் மோகனாவின் மாடி வீட்டு வாசல் தெரியும். முன்பு நடுவில் ஒரு சின்னப் பாலம் இருந்தது. மலையில் பெய்த மழை ஒரு வருஷம் அதை அடித்துக்கொண்டு போனது. பிறகு இரு கரையிலும் ஆளுயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பிவிட்டார்கள். உள்ளே சாக்கடைச் சேறு. இப்போது மெயின் ரோட்டைச் சுற்றித்தான் போகவேண்டும். ஷிப்டு முடிந்து வரும் அம்பரீனுக்கு அவ்வளவு நேரமில்லை. காலில் ஆபரேஷன் செய்துகொண்ட மோகனாவால் அவ்வளவு நடக்க முடியாது.

போன் இருக்கிறது. ஆனால் ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்த இருவருக்கும் பேச்சென்றால் கைதான். அந்தச் சத்தத்தில் வாய் உதவாது. இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோனால் டீ. காதைத் திருகினால் சூப்பர்வைசர் வருகிறார். கையை நேராக மேலே தூக்கினால் மெஷின் நின்றுவிட்டது. இந்தக் கடைசிச் சைகை கம்பெனியில் எல்லோருக்கும் பொது. ஆனால் மெக்கானிக் கண்ணில் பட்டால்தான் பலன்.

போன ஞாயிறு வார்டுக் கூட்டம். நகராட்சியிடம் ஒரே ஒரு நடைபாலத்துக்குத்தான் நிதி. பழைய இடத்திலா, பள்ளிக்கூட முனையிலா என்று மக்கள் கை தூக்கிச் சொல்லவேண்டும். பள்ளிக்கூட முனை வார்டின் எதிர்க்கோடியில் இருக்கிறது. அங்கே கட்டினால் மோகனா வீட்டுக்கு அதே சுற்றுதான். மோகனாவின் கரை வேறு வார்டு. அவளுக்கு இதில் கை கிடையாது.

கூட்டம் கல்யாண மஹாலில் நடந்தது. கல்யாணத்தில் நடப்பதுபோலவே ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். கீழே மைக்கில் பேசுவது மாடி ஸ்பீக்கரில் கேட்கும். மாடியிலிருந்து கீழே பேச வழியில்லை. கல்யாணங்களுக்கு அது தேவைப்பட்டதில்லை.

"பழைய இடம் வேணுங்கறவங்க கை தூக்குங்க," என்றது நகராட்சி எழுத்தர் பரணிதரனின் குரல். அம்பரீன் தூக்கினாள். திரும்பிப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள்.

"ஸ்கூல் முனை?"

மாடி முழுக்கக் கைகள். பக்கத்து வீட்டு சுகரா பேகம் இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

"ஒரு கைதான் ஆபா."

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் பேரனுக்கு. ஸ்கூலுக்குத் தெனம் லாரி ரோட்ல நடக்கறது அவன்தானே!"

ஸ்பீக்கர் கரகரத்தது. "பழைய இடம் நாப்பத்தி ரெண்டு. ஸ்கூல் முனை முப்பத்தாறு. பழைய இடமே முடிவு."

அம்பரீனின் மனசு பாலமேறிப் போய்விட்டது. மோகனாவின் வாசற்படி, இரும்புக் கட்டில், அவள் போடும் இஞ்சி டீ. அப்புறம்தான் உறைத்தது. எண்ணுவதற்கு யாருமே மாடிக்கு வரவில்லை.

"நம்ம சொல்லி எங்க நடக்குது," என்று எழுந்தாள் சுகரா பேகம். "ஒன் தோஸ்த் வூட்டுக்குப் பாலம் வந்துடுச்சு. இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுனு இருக்க?"

மெஷின் நின்றுபோய், தூக்கிய கையோடு மெக்கானிக்கின் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வேளைகள் அம்பரீனுக்கு நினைவு வந்தன. படியிறங்கினாள். மெதுவாகத்தான். வேறு யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிட மாட்டார்களா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

"சார், மாடியில எண்ணலயே."

"எண்ணியாச்சும்மா," என்றார் பரணிதரன்.

"நீங்க சொன்னது மேலயும் கேட்டுச்சு சார். தூக்கினோம். பாத்தது ஃபேனுதான்."

சிரிப்பு கிளம்பியது. கவுன்சிலர் வாஹித் பாஷா சிரிக்கவில்லை. "நீ எந்தப் பக்கம்மா?"

"பழைய இடம் பாய்."

"அதான் ஜெயிச்சுட்டியே. அப்பறம் இன்னா?"

"மேல எண்ணினா தோத்துடும் பாய்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு எழுத்தரிடம், "ஏறுங்க சார்," என்றார்.

பள்ளிக்கூட முனை ஜெயித்தது. சுகரா பேகம் இந்தமுறை ஒரு கைதான் தூக்கினாள்.

சாயங்காலம் அம்பரீன் மொட்டை மாடிக்கு ஏறியபோது, அந்தக் கரையில் மோகனா வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். இரண்டு கையையும் விரித்து, என்ன ஆச்சு என்று கேட்டாள். அம்பரீன் பள்ளிக்கூடப் பக்கம் விரலை நீட்டினாள். மோகனா அந்தத் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோனாள்.

அம்பரீன் கீழே போய் டீ போட்டு எடுத்து வந்தாள். அங்கே மோகனா கையிலும் டம்ளர் இருந்தது. குடித்து முடித்ததும் மோகனா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையை நேராக மேலே தூக்கினாள்.

பார்த்தேன் என்று அம்பரீன் தலையாட்டினாள். அந்தக் கை இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.