மிதந்துகொண்டிருந்த பை

"அந்தப் பிளக்கைப் புடுங்கு தம்பி, வேற பாயிண்ட் இல்ல பாரு" என்று ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள் சொன்னதும், இளங்குமரன் குனிந்து மீன்தொட்டியின் வயரைப் பிடுங்கிப் போட்டான்.

தொட்டிக்குள் பொங்கிக்கொண்டிருந்த குமிழிகள் சட்டென்று அடங்கின. கூடத்தின் நடுவில் ஐஸ் பெட்டி உறுமத் தொடங்கியது. அதற்குள் ஞானசம்பந்தம் படுத்திருந்தார். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் பனியன் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆயுசெல்லாம் கட்டிங் மாஸ்டராக இருந்து பனியன் துணி வெட்டியவருக்கு, யாரோ அவசரத்தில் கோணல்மாணலாகக் கிழித்த துண்டு.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சாரதாமணியின் கண் புருஷன் முகத்தில் இல்லை. கூட்டத்துக்கு நடுவே கொஞ்சமாகத் தெரிந்த தொட்டியின் மேல் இருந்தது. அங்கே காற்றடைத்து ரப்பர் பேண்டு போட்ட பாலிதீன் பை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. பைக்குள் விரல்கணு அளவில் சில மீன்கள்.

காலையில் அவர்தான் கடையிலிருந்து வாங்கிவந்து மிதக்கவிட்டார். பைத்தண்ணியும் தொட்டித்தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரணுமாம். "சாரதா, டிரிம்மரக் கொண்டா. ரப்பர வெட்டோணும்" என்று கூப்பிட்டார். வீட்டில் பனியன் பிசிறு வெட்ட அவள் வைத்திருக்கும் சின்னக் கத்தரிதான் டிரிம்மர். "தாளிச்சுட்டு வரேனுங்க" என்றாள் அவள். தாளித்துவிட்டு வந்தபோது அவர் நாற்காலியில் தலை தொங்கிக் கிடந்தார். வலது சட்டைக்கை முழங்கை வரை நனைந்திருந்தது.

அதற்குப்பிறகு தெருவே வந்துவிட்டது. டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கினார். குளிப்பாட்டினார்கள், மாலை போட்டார்கள். டிரிம்மர் இன்னும் அவள் இடுப்புச் செருகலில் குத்திக்கொண்டிருந்தது.

"கண்ணு" என்று மகனைக் கூப்பிட்டாள்.

இளங்குமரன் ஓடிவந்து மண்டி போட்டான். அப்பா போனபிறகு அம்மா பேசிய முதல் வார்த்தை அது.

"அந்தத் தொட்டியில பை இருக்குது பாரு. காத்தையும் நிறுத்திப்போட்டீங்க..."

அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது. "அம்மா, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க. நீங்க அழுதுருங்கம்மா. மனசுல வெச்சுக்காதீங்க."

பின்னாலிருந்து யாரோ, "பாவம், புத்தி பெரண்டுபோச்சு" என்றார்கள். பிணத்தருகே உட்கார்ந்த பெண்டாட்டி எழுந்து போய் மீனைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும்? எழவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

நெஞ்சுவலி வந்து வேலையை விட்டபின் பொழுது போகட்டும் என்று மகன் வாங்கிக்கொடுத்த தொட்டி அது. நாலு ஏஞ்சல் மீன்கள் பவிசாக நீந்தின. ஆறே மாசத்தில் கண்ணாடியெல்லாம் பாசி. "வர்றவங்க பாத்தா இது ஊடா கொளமான்னு கேப்பாங்க" என்று சாரதாமணி ஆரம்பித்தாள். பாசி தின்னும் மீன் தேடி அவர் புறப்பட்டது அப்போதுதான்.

முதலில் கறுப்பாக ஒரு சக்கர் மீன் வந்தது. அது தின்று தின்று பெருச்சாளி மாதிரி வளர்ந்து, செடியையெல்லாம் பிடுங்கிப் போட்டது. கொண்டுபோய்க் கடையிலேயே விட்டார். அடுத்து மஞ்சளாக ஒல்லி மீன் ஒன்று. சின்னதில் சமர்த்தாகக் கண்ணாடியை நக்கிய அது, கொஞ்சம் பெரிசானதும் ஏஞ்சலின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சுரண்டத் தொடங்கியது. அதுவும் திரும்பிப் போயிற்று. நத்தை வந்தது. கல்லெல்லாம் வெள்ளைப் புள்ளியாக முட்டை வைத்தது. "உங்களுக்குப் பொண்ணு பாக்கறப்பக்கூட உங்கய்யன் இத்தனை கழிக்கலீங்க" என்று அவள் குத்திக்காட்டினாள். அவர் சிரித்தார்.

கடைசியில் ஏற்ற மீன் எதுவென்று கண்டுபிடித்துவிட்டார். உடம்பில் ஒரே ஒரு கறுப்புக் கோடு ஓடும் பொடி மீன். "இது பச்சையத் தவிர வேறெதையும் சீண்டாது சாரதா. ஆனா பாசி இல்லைன்னா பட்டினியில செத்துப்போயிரும். அது வர்ற வரைக்கும் கண்ணாடியத் தொடைக்காதே."

அவள் நம்பவில்லை. சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்று நினைத்தாள். பாசி கெட்டியாக வளர, அவளுக்கு எரிச்சலும் வளர்ந்தது. அவரோ வாரத்துக்கு இரண்டுதரம் கடைக்குப் போய், துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்ப்பதுபோல் மீனின் வயிற்றைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். "வயிறு ஒட்டிப்போயிருக்குது. தாங்காது. உருண்டையா இருக்கறது வரட்டும்" என்பார்.

இன்றைக்குத்தான் உருண்டையாக வந்திருந்தது.

"யக்கா." பக்கத்து லைன்வீட்டு ஒச்சம்மாள் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்கு வந்தவள். "அப்பதையிலருந்து அங்கயே பாக்குறீகளே, என்னக்கா?"

சாரதாமணி அவள் காதோடு சொன்னாள்.

ஒச்சம்மாள் சிரிக்கவில்லை, அதிசயப்படவும் இல்லை. எழுந்துபோனாள். தன் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கி வந்து ஐஸ் பெட்டியையும் தொட்டியையும் அதிலேயே சேர்த்துச் சொருகினாள். குமிழிகள் பொங்கின.

சாமளாபுரத்திலிருந்து வந்திருந்த வேல்விழி, ஞானசம்பந்தத்தின் அக்கா, அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "ஏனாயா, எந்தம்பி மூச்சு நின்னுபோய்க் கெடக்கறான். மீனுக்குக் காத்து கேக்குதாக்கும் இப்ப?"

"உசுரு உள்ளதுக்குக் கேக்கத்தேன செய்யும் ஆத்தா" என்றாள் ஒச்சம்மாள். கையோடு பையைத் தூக்கப் போனாள்.

"அதைத் தொடாதே" என்றாள் சாரதாமணி. கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்னையத்தான் வெட்டச் சொன்னாரு."

வெயில் தாழ எடுத்தார்கள். மின்மயானத்துக்கு ஆண்கள் போனார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் வேல்விழி புடவையை வரிந்து கட்டினாள். பிணம் கிடந்த வீட்டில் பிடித்துவைத்த தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக்கூடாது. குடம், பக்கெட், டிரம் எல்லாம் வாசலில் கவிழ்ந்தன. சாரதாமணியைக் குளிக்கக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்கள். தலையில் தண்ணீர் விழவிழ அவளுக்குள் இருந்த பயமெல்லாம் ஒன்றுதான்: தொட்டித் தண்ணியையும் ஊற்றிவிடுவார்களோ?

ஈரத்தலையோடு, கூட வந்தவளை விலக்கிவிட்டு உள்ளே ஓடினாள்.

தண்ணீர் இருந்தது. ஏஞ்சல் மீன்கள் இருந்தன. பை ஒரு மூலையில் மிதந்தது. ஆனால் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த சுவர் பளிச்சென்று தெரிந்தது. அதன் விரிசல் தெரிந்தது. போன மாசத்துக் காலண்டர் தெரிந்தது.

வேல்விழி பச்சையேறிய பனியன் வேஸ்ட் துணியைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

"ஊத்தோணும்னுதான் பாத்தேன். இந்த ஒச்சம்மா கையப் புடிச்சுட்டா. சரின்னு தொடைச்சாச்சும் உட்டேன், உள்ளுக்குள்ள கல்லு மொதக்கொண்டு." துணியை இன்னொருதரம் முறுக்கினாள். "பாசி, பாசின்னு போன்ல எப்பப் பாத்தாலும் அதையேதான் சொல்லுவான் எந்தம்பி. எந்தக் கடையில என்ன மீனு பாத்தேன்னு. கண்ணுல பாக்கறக்குக் குடுத்து வெக்கல. எத்தனை சுத்தமாயிருக்குது பாரு சாரதா."

முழங்கை வரை நனைந்திருந்தது அவளுக்கும்.

சாரதாமணி அதையே பார்த்தாள். பிறகு, "ஆமாங்க நங்கையா" என்றாள். "நல்லாயிருக்குதுங்க."

வேல்விழி துணியை வாசலில் எறியப் போனாள். சாரதாமணி இடுப்பைத் தடவினாள். குளிக்கும்போது எடுத்துக் கல்மேல் வைத்தது நினைவு வந்து, போய் எடுத்துவந்தாள். ரப்பர் பேண்டு ஒரே வெட்டில் தெறித்தது. காற்று புஸ்ஸென்று போயிற்று. பையின் வாயைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தாள். மீன்கள் தயங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. எல்லாம் உயிரோடு இருந்தன. எல்லா வயிறும் உருண்டையாக இருந்தது.

நேரே கண்ணாடிக்குப் போய் வாயை ஒட்டின. கொஞ்சம் நகர்ந்து ஒட்டின. இன்னும் கொஞ்சம் நகர்ந்து. வழுக்கிக்கொண்டு கீழே போய்க் கல்லைத் தொட்டன. அங்கும் ஒன்றுமில்லை. திரும்பவும் கண்ணாடிக்கு வந்தன.

அவள் தொட்டிமுன் நின்றபடியே இருந்தாள். கழுவிய தரை காலடியில் ஜில்லென்றிருந்தது. ஒச்சம்மாள் டம்ளரில் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மயானத்திலிருந்து திரும்பிய இளங்குமரன் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தான். மழித்த மீசையில்லா முகம் சின்னப்பையன் முகம்போல் இருந்தது. தலைமாட்டுக் காமாட்சி விளக்கை ஒருதரம் பார்த்தான். அப்புறம் தொட்டி விளக்கைப் பார்த்தான். இந்த விளக்கு எரிகிறதே என்று அம்மா அப்பாவோடு போட்ட சண்டைகள் அவனுக்குத் தெரியும்.

"அம்மா, தொட்டி லைட்ட அமத்திரட்டுங்களா? எரிஞ்சா பாசி புடிக்கும்."

"புடிக்கட்டும் கண்ணு."

அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

காற்று வரும் டியூப் தொட்டியின் பின்மூலையில், வேல்விழியின் கை எட்டாத இடத்தில், அடிவரை பச்சையாகத் தொங்கியது. எப்படியோ கண்டுபிடித்து, பொடி மீன்கள் அத்தனையும் அதில் ஒன்றுக்குமேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. மேலே இருந்த மீன் வாயை அசைத்து அசைத்து இறங்கியது. அது இறங்கிய வழியில் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு விழுந்துகொண்டே வந்தது.