கிளி விரட்டக் கட்டிய ஸ்கேன்

புது ஸ்கேனில் என் நெஞ்சுக்குள் ஒரு புள்ளி தெரிகிறது என்றார் மதுரை டாக்டர்.

"போன வருஷமும் இதே அளவு இருந்துச்சுன்னா பயமில்லம்மா. வளந்திருந்தா ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கணும். பழைய ஸ்கேன் இருந்தா உடனே அனுப்புங்க."

போன வருஷம் நான் வெங்காய லாரியிலிருந்து விழுந்தபோது எடுத்தது அது. சி.டி.யில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பளபளவென்று இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் சடையாண்டி அதை மக்காச்சோளக் காட்டில் கிளி விரட்டக் கட்டிவிட்டார். கழற்றிப் பார்த்தபோது வெயிலில் உரிந்து, மறுபக்கம் வானம் தெரிந்தது. ஸ்கேன் எடுத்த இடத்திலோ, அம்புட்டு நாளெல்லாம் வைத்திருக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

பேகம்பூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இஃப்பத் ஞாபகம் வந்தது. விழுந்ததற்கு உதவிப்பணம் கேட்டு மனுப் போட்டபோது அந்த சி.டி.யைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் அவள்தான். வெங்காயப் பேட்டையில் காய் பொறுக்கும் வேலை முடிந்த கையோடு அவள் கடைக்குப் போனேன்.

"ஒச்சாயிக்கா, ஏன் மூஞ்சி இப்படிக் கெடக்கு? உக்காருங்க."

சொல்லி, புது ஸ்கேனையும் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே தேட ஆரம்பித்தவளின் கை நடுவில் நின்றது.

"என்ன தாயி?"

"போன மாசம் கம்ப்யூட்டருக்குப் புது ஓ.எஸ். போட்டேன்க்கா. அதுக்கு முன்ன பழைய ஃபைலையெல்லாம் அமுக்கி ஒரே ஜிப்பாக் கட்டி வெளிய ஒரு டிஸ்குல வச்சேன். இப்பத் தொறந்தா, பழுதாயிருச்சுங்குது."

"எதனால?"

"கட்டி முடியப்போற நேரம் கரண்டு போச்சு. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டேன். உள்ள எது எங்க இருக்குன்னு கடைசிலதான் அது எழுதிக்கிரும். அது எழுதல, நடுவுல செலதும் கெட்டிருக்கும்."

வாய் தைக்காத மூட்டை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். தூக்கும்போது மேலே கிடப்பதெல்லாம் சிந்திவிடும். என் படம் மேலே கிடந்ததா, அடியில் கிடந்ததா?

"பயப்படாதீங்க. ஒரு காப்பி எடுத்து, அதுலதான் கை வைப்பேன். ஒவ்வொண்ணா உருவி எடுக்குற சாப்ட்வேர் இருக்கு. இன்ஷா அல்லாஹ் வந்துரும்."

பச்சைக் கோடு ஒன்று திரையில் ஊர்ந்தது. பார்க்க முடியாமல் வாசலைப் பார்த்தேன். பக்கத்துல தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து அடித்த வாடையில் இருமல் வந்தது. புள்ளிதான் இருமுகிறது என்று தோன்றியதும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அக்கா, ஒங்க பேரு!"

திரும்பினேன். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டப் படித்தவள் நான். ஒ, ச், சா, யி. என் பேர் போட்ட பெட்டிக்குள் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தோள் எலும்பு வந்தது. அடுத்தது பாதிதான் வந்தது, மீதி சாம்பல் பூசியது போல இருந்தது. அதற்கடுத்தது வெறும் சாம்பல்.

"புள்ளி எதுல தாயி இருக்கும்?"

"புதுசப் பாத்தா நடு நெஞ்சுல. அது இனிமேத்தான் வரணும்."

சாம்பல். மறுபடி சாம்பல். பிறகு முழுசாக ஒன்று வந்தது, தொடர்ந்து இன்னும் நாலைந்து.

"வந்துருச்சுக்கா! ரெண்டையும் பக்கத்துல வச்சுத் தொறக்கவா?"

"வேணாம்."

அவள் என்னைப் பார்த்தாள். அதுவரை கிடைக்காதோ என்றுதான் நடுங்கினேன். கிடைத்ததும், அது சொல்லப்போவதை நினைத்து நடுங்கினேன். போன வருஷம் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால்? ஊசி, சதை, அப்புறம்?

"நமக்குத் தெரியாது தாயி. டாக்டருக்கே அனுப்பு."

அனுப்பினாள். டீ வாங்கி வந்தாள். ஆடை கட்டிப்போன டீயைக் கீழே வைத்தபோதுதான் அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"பழைய படத்துலயும் இருக்கும்மா. அதே அளவுதான், வளரல. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பாத்துக்கலாம்."

"இன்னொருக்கச் சொல்லுங்க சார்."

அவர் இன்னொரு முறை சொன்னார்.

இஃப்பத் படங்களை என் போனில் ஏற்றி, ஒரு சி.டி.யிலும் போட்டுக் கொடுத்தாள். "இது ஒங்களுக்குக்கா, கிளிக்கு இல்ல."

பஸ்ஸில் இருந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"வளரலையாம்."

"ம்."

"புது சி.டி. கொண்டு வாரேன். தொட்டீகன்னா கைய ஒடிச்சுப்புடுவேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.