பெஞ்சில் உட்கார்ந்த கெப்டன்

இலவசமாகக் கொடுப்பவர்களை நான் லேசில் நம்புவதில்லை. கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை பார்ப்பவனுக்கு அந்தப் புத்தி தானாக வந்துவிடும். சித்திரை வருஷ லீவுக்கு எங்கள் தேயிலைத் தோட்டமான டயகமவுக்கு வந்தபோது, தங்கச்சி லோஜினி காலில் புதுச் சப்பாத்தோடு எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றாள். தோட்டத்துக் கிரவுண்டில் முகாம் போட்டு வொலிபோல் பழக்குகிறார்களாம். சப்பாத்து அவர்கள் கொடுத்ததாம், மத்தியானச் சாப்பாடும் உண்டாம். காலையில் கணக்குப் பாடம், சாப்பிட்ட பிறகு பந்து. பாடத்துக்கு வராதவர்கள் பந்தைத் தொடக்கூட முடியாதாம்.

பந்து அடித்தால் சோறு வருமா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

நான் கெட்ட அண்ணன் இல்லை. லோஜினி பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் கணக்கில் விழுந்திருந்தாள். எங்கள் லயத்தில் பரீட்சையில் விழுந்த பெண்பிள்ளை, கொஞ்ச நாளில், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கக் கிளம்பிவிடும். கூடை சுமந்து சுமந்து எங்கள் அம்மா நாகலெட்சுமி படுகிற பாடு எனக்குத் தெரியும். தங்கச்சிக்கும் அது வேண்டாம் என்றுதான் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, எங்கள் கடையிலேயே அவளுக்கு ஒரு வேலை பிடித்து வைத்திருந்தேன். லீவு முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வாக்கும் கொடுத்தாயிற்று. அம்மா, நீயே பார்த்துச் செய் என்று என் தலையில் போட்டுவிட்டாள். லோஜினியும் சரி என்றுதான் தலையாட்டினாள்.

நாங்கள் புறப்பட வேண்டிய நாளும் முகாமின் கடைசி நாளும் ஒன்றாய்ப் போயின. அன்றைக்கு அக்கரப்பத்தனைப் பிள்ளைகளோடு ஆட்டம். ஆடி முடித்ததும் சாயங்கால பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய்க் கொழும்பு ரயிலைப் பிடிக்கலாமா என்று கேட்டாள். சரி, ஒழியட்டும் என்று நானும் கூடவே போனேன்.

கிரவுண்டில் கோயில் திருவிழா மாதிரிக் கூட்டம். மலையில் வேலை விட்டு வந்த பெண்கள் கூடையைக்கூட இறக்காமல் நின்றார்கள். "லோஜினி அக்காவோட அண்ணன்" என்று சின்னப் பிள்ளைகள் என்னைக் காட்டிக் கிசுகிசுத்தன. அவள்தான் கெப்டன் என்பதே எனக்கு அங்கே வைத்துத்தான் தெரியும். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னவளில்லை.

ஆனால் ஆட்டம் தொடங்கியபோது கெப்டன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதிலாக இறங்கிய பிள்ளை வந்த பந்தையெல்லாம் கோட்டைவிட்டது. முதல் செட் போயே போய்விட்டது. லோஜினியை இறக்கச் சொல்லிக் கூட்டம் கத்தியது. பந்து அடித்தால் சோறு வருமா என்று கேட்ட எனக்கே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

முகாமை நடத்துகிறவர் மெரினா டீச்சர். ஹட்டனில் விளையாட்டுப் படிப்பிப்பவர். நேரே அவரிடம் போய், எங்கள் பிள்ளை என்ன குற்றம் செய்தாள், உங்களுக்கு வேண்டியவர்களைத்தான் ஆட விடுவீர்களா என்று எகிறினேன்.

அவர் கோபப்படவில்லை. "பாசாகணும்னு நான் யாரையும் கேக்கல தம்பி. பரீட்சையில விழுந்தவங்க திரும்ப எழுதுறேன்னு சொன்னா ஆடலாம். அதுதான் இங்க சட்டம். காலையில ஒவ்வொருத்தரா கேட்டேன். எல்லாரும் ஆமான்னாங்க. ஒங்க தங்கச்சி மட்டும், அண்ணன் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறாரு, எழுத முடியாது டீச்சர்னு சொல்லிட்டா."

ஒரே ஒரு 'ஆமா'. சொல்லியிருந்தால் நாளைக்கு யார் கொழும்புக்கு வந்து பார்க்கப் போகிறார்கள்? ஒரு சேலையைத் தள்ளிவிட நானே சாயம் போகாது என்று தினமும் வாய் கூசாமல் சத்தியம் செய்கிறேன். இவளோ ஒரு சின்னப் பொய்யைச் சொல்ல மனமில்லாமல், தன் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கூடவே வெட்கமாகவும் இருந்தது.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கணக்கு வருதா ஒனக்கு?"

"இப்ப வருதுண்ணே." குனிந்த தலை நிமிரவில்லை. "மத்தப் பிள்ளைங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுக்கிறேன்."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க மொதலாளிகிட்ட வாக்குக் குடுத்துட்டீங்க. என்னால நீங்க பேச்சு வாங்கக் கூடாதில்ல."

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. டீச்சரிடம் போய், அவள் பரீட்சை எழுதுவாள் என்றேன். என்னிடம் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல்லுங்கள் என்றார் அவர். திரும்பி வந்தேன்.

"நீ பரீட்சை எழுது. கொழும்புக்கு நான் மட்டும் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து டீச்சரிடம் 'ஆமா' சொல்ல ஓடினாள்.

வொலிபோலில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு என் தங்கச்சி எம்பிய ஒவ்வொரு தடவையும் நானும் குதிகாலைத் தூக்கினேன். அவள் அடித்தால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பந்து விழுந்த இடத்தைத்தான் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஆட்களிடமெல்லாம், அது என் கூடப்பிறந்தவள் என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது செட் எங்களுக்கு வந்தது.

நாளைக்கு அந்தத் துணிச்சல் இருக்குமோ என்னவோ என்று, நின்ற இடத்திலிருந்தே முதலாளிக்குப் போன் போட்டேன். தங்கச்சி வரவில்லை, படிக்கப் போகிறாள் என்றேன். அவர் தாளித்து எடுத்துவிட்டார். எத்தனை பேர் இந்த வேலைக்குக் காத்துக் கிடக்கிறார்கள், இனி ஊர்ப் பிள்ளைக்கு வேலை என்று என் முன்னால் வந்து நிற்காதே என்றார். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றேன். கடைசியில், அங்கே என்ன இவ்வளவு கூச்சல் என்று எரிந்து விழுந்தார்.

போனைக் கிரவுண்டுப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். லோஜினி, லோஜினி என்று தோட்டமே கத்திக்கொண்டிருந்தது.

"கேக்குதுங்களா மொதலாளி? அது என் தங்கச்சி பேரு."