நாலு இடத்தில் சிரிப்பு

கட்டுரை அச்சுக்குப் போக மூன்று மணி நேரம்தான் இருந்தது. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் அவள் மூன்று வாரம் நாயாய் அலைந்து எழுதியது. ஆட்டிசம் உள்ள பெண்கள் வேலையிடத்தில் படும் பாடு பற்றியது. அதற்கு உயிரே ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் பேட்டிதான். ரோப்பில் ஆறு இழை அறுந்திருந்த லிஃப்டை, "இதை ஓட்டக் கூடாது" என்று ஒரே வரியில் நிறுத்தியதற்காக, பேசத் தெரியாத பெண் என்று அவர்மேல் புகார் போயிருந்தது. வேறொரு கட்டடத்தில் அதே வரியைச் சொன்ன ஆண் கூட்டாளிக்குக் கறாரான ஆள் என்று பெயர்.

அவருக்கே படித்துப் பார்க்க அனுப்பியிருந்தாள். மெக்கானிக் போனில் கூப்பிட்டார்.

"மேடம், இதைப் போடாதீங்க."

"ஏங்க, எதுவும் தப்பா எழுதிட்டேனா?"

"நான் சிரிக்கவே இல்லை. நாலு இடத்துல சிரிச்சேன்னு இருக்கு."

"அது சும்மாங்க. படிக்கிறவங்களுக்கு உங்கமேல ஒரு இது வரணும்னு."

"எது?"

அவள் கட்டுரையில் முதல் சிரிப்பைத் தேடினாள்.

"பேட்டி அன்னைக்குக் கூட இருந்த என் கூட்டாளிதான் பூரா நேரமும் இளிச்சுட்டு இருந்தாரு. நீங்க எழுதினதுல அவரு எங்கயும் சிரிக்கலை. இது என் பேச்சு இல்லை. வேண்டாம்." வைத்துவிட்டார்.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கவில்லை. "நீ எழுதுற பொம்பளைங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதான்டி பேசுறாங்க. எதையாவது குடிக்கக் குடுத்துட்டுதான் பேட்டி எடுக்கிறியா?"

"போக்கா, நீ வேற."

சொன்னாளே தவிர, பழைய கட்டுரைகளைத் திறந்தாள். நர்ஸ் புன்னகையோடு சொன்னார். என்ஜினியர் வெட்கத்தோடு சொன்னார். பஸ் ஓட்டும் பெண் குலுங்கிச் சிரித்தபடி. ஆண்கள் எல்லோரும் வெறும் 'என்றார்'.

நான்கு சிரிப்பையும் எடுத்தாள். ஒன்றைக் கூட்டாளிக்குக் கொடுத்தாள், அது நடந்ததுதானே. மெக்கானிக்கின் வரி இப்போது வெறும் 'இதை ஓட்டக் கூடாது என்றார்.' படித்தால் அவளுக்கே சுருக்கென்றது. 'மெதுவாக' என்றாவது சேர்க்கக் கை போனது. இழுத்துக்கொண்டு மெக்கானிக்குக்கு அனுப்பினாள்.

ஒன்றரை மணி நேரம் பதிலில்லை. அக்கா தட்டில் போட்டு வைத்த சோறு ஆறிப்போனது.

பிறகு செய்தி வந்தது. "இப்பதான் கடைசி வரைக்கும் படிச்சேன். போடலாம். ரோப்ல அறுந்தது ஏழு இழை. ஆறுன்னு போட்டிருக்கீங்க."

ஆறை ஏழாக்கி ஆசிரியருக்கு அனுப்பிவிட்டுத் தட்டை எடுத்தாள்.