கல் என்றால் எந்த நாள்

1

அன்று பட்டறை மாடியில் இருந்தவர்கள்: என் தம்பி நயினார், தோல் பை தைக்கிற அந்தத் தாராவிப் பட்டறை அவனுடையது. அவன் மகள் இசக்கிசெல்வி. எங்கள் தங்கை முப்பிடாதியம்மாளின் வீட்டுக்காரர் சுடலைக்கண்ணன், பதினாறு வருஷமாகப் பட்டறையிலிருந்து சரக்கு போகிற கணக்கை, டிஸ்பாட்ச் புக்கை, எழுதிவருபவர். பக்கத்துப் பட்டறை ஜெயினுலாப்தீன் பாய், எங்கள் லாரியில் பாதி இடம் அவருக்கு. பிறகு நான், குடும்பத்தில் மூத்தவன். அவ்வளவுதான். இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் இருக்கவில்லை.

வீட்டு விஷயத்தை வெளியே எழுதும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஆனால் இந்தக் கதை நாங்கள் குடியிருக்கும் தாராவி லேபர் கேம்ப்பில் ஏற்கனவே மூன்று விதமாக நடமாடுகிறது. மூன்றிலும் எங்கள் ஆட்கள் ஒழுங்காக வரவில்லை. அதனால் நான்காவதை நானே எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "தாராவியில் தைத்த ஒரு பை காட்மாண்டு போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?" கட்டுரைப் போட்டி வாடை அடித்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "சுடலைக்கண்ணன் தன் வாழ்நாளில் ஒரு தேதியைக்கூடத் தப்பாக—"

இதையும் விட்டுவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் அடுத்த வரியில் என்ன வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். செல்வி செம்பூரில் ஒரு கல்லூரியில் சரக்குப் போக்குவரத்து படிக்கிறாள். பக்கத்து நாடுகள் மூன்றுக்கு நம் சரக்கு எவ்வளவு விரைவாகப் போகிறது, அங்குள்ளவர்கள் எவ்வளவு ஒத்துழைக்கிறார்கள் என்று ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினாள். இதற்கெல்லாம் உலக அளவில் பெரிய பட்டியல்கள் உண்டாம். அவள் கையில் இருந்தது மாமாவின் டிஸ்பாட்ச் புக். நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் லாரி, இலங்கைக்குக் கப்பல். சரக்கு எல்லைக்கோ துறைமுகத்துக்கோ வந்த தேதி ஒரு கட்டத்தில், தாண்டிய நாள் அடுத்த கட்டத்தில். கழித்தால் காத்திருந்த நாட்கள் வந்துவிடும்.

இலங்கைக்குச் சராசரி மூன்று நாள், நேபாளத்துக்கு ஒரு நாள், வங்கதேசத்துக்கு அரை நாளுக்கும் குறைவு.* செல்வி வங்கதேசத்துக்கு முதலிடம் கொடுத்து, பாராட்டி ஒரு பத்தியும் எழுதிவிட்டாள்.

(* இவை எங்கள் பட்டறைப் பைகள் காத்திருந்த நாட்கள் மட்டுமே. இதை வைத்து எந்த நாட்டையும் யாரும் எடை போட வேண்டாம்.)

கல்லூரியில் அவள் பேராசிரியர் சராசரியோடு நிற்கவில்லை, வரி வரியாகப் பார்த்தார். பதினோரு இடங்களில் லாரி வங்கதேச எல்லைக்கு வந்து சேர்வதற்கு முந்தின நாளே எல்லையைத் தாண்டியிருந்தது. அவர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார்: தேதிகள் இட்டுக்கட்டியவையா? புதன்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் சனிக்கிழமைக் கருத்தரங்கில் இந்தக் கட்டுரை கிடையாது. மூன்று நாடுகளிலிருந்தும் ஆட்கள் வரும் கருத்தரங்கு அது.

3

இனி சுடலைக்கண்ணன். முதல் வரைவில் அவரை உயரமாக எழுதியிருந்தேன். அவர் உயரமில்லை. என் தங்கை படித்தால் சிரிப்பாள், சிரித்த பிறகு மற்றதையும் நம்ப மாட்டாள். ஆகவே குட்டையாகவே இருக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, டிஸ்பாட்ச் புக்கை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். "இட்டுக்கட்டியவை" என்பதற்கு அவர் போட்டிருந்த ஆங்கிலச் சொல்லுக்குச் செல்வியிடம் இரண்டு முறை அர்த்தம் கேட்டார். முதல் முறை புரிந்துவிட்டது. இரண்டாவது முறை, வேறு அர்த்தம் இருக்குமோ என்று பார்த்தார். இத்தனை வருஷமாக எந்த வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தாலும் நயினார் வாதாட மாட்டான், மச்சானின் புக்கைத் திறந்து காட்டுவான், சண்டை முடிந்துவிடும். அந்தப் புக்கை இப்போது யாரோ ஒருவர் பொய் என்கிறார். புக் போனால் தனக்கு இந்தக் குடும்பத்தில் என்ன மிச்சம் என்று அவர் நினைத்தார். (நினைத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிறகு அவரே சொன்னார். கதைக்காரன் என்ற உரிமையில் ஊகித்ததல்ல.)

ஜெயினுலாப்தீன் பாய் இறுக்கத்தைத் தளர்த்தப் பார்த்தார். "வந்து சேருததுக்கு முன்னாடியே தாண்டுதானா? அந்த டிரைவர் நம்பர எனக்குக் குடுங்க. சயான் சிக்னல்ல நான் தெனம் அரைமணி நேரம் நிக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. நயினார் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

செல்விக்குத் தமிழ்ப் பேச்சு சரளம். படிப்பது எழுத்தெழுத்தாக. அவள் புக்கை வாங்கி மேஜைமேல் வைத்து, நேபாளப் பக்கத்தைத் திறந்து ஒரு கட்டத்தில் விரல் வைத்தாள்.

"மாமா, இங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"கல். நேத்துப் போயிட்டுன்னு அர்த்தம். அன்னைக்கு போன்ல கேட்டப்பமே சொன்னேம்லா?"

அவள் வங்கதேசப் பக்கத்தைத் திறந்தாள். "இது?"

"கல். நாளைக்கு."

அவள் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் புரட்டிப் பார்த்தாள்.

"மாமா, ரெண்டும் ஒரே எழுத்துதான."

"எழுத்து ஒண்ணுதாம்மா. சொல்லுத ஆளு வேற."

4

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். பம்பாயில் பிறந்தவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.

இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்: கல். பேசும்போது பின்னால் ஒரு வால் வரும், ஹோ கயா (ஆகிவிட்டது) என்றோ ஹோகா (ஆகும்) என்றோ. அதைக் கேட்டு நாளைப் புரிந்துகொள்ளலாம். சுடலைக்கண்ணனின் கட்டம் சின்னது, வாலுக்கு இடமில்லை. போன் வந்த அன்றைய தேதிக்கு நேரே கல் என்று மட்டும் எழுதினார். அவருக்குக் குழப்பமே வந்ததில்லை. நேபாள எல்லையில் இருக்கும் ஏஜென்ட் லாரி தாண்டிய மறுநாள்தான் போன் செய்வான். வங்கதேச எல்லையில் இருப்பவன் முந்தின நாளே சொல்லிவிடுவான். கொழும்புச் சரக்கைப் பார்க்கும் அப்துல் ஹாதி தமிழிலேயே பேசுவதால் அந்தப் பக்கத்தில் கல்லே கிடையாது.

செல்வி ஒரு கல்லுக்கு அர்த்தம் கேட்டாள், நேற்று என்று தெரிந்துகொண்டாள், புக் முழுவதற்கும் நேற்று என்றே போட்டுவிட்டாள். ஒன்பதாம் தேதி வந்த லாரி பத்தாம் தேதி தாண்டியது, அவள் கணக்கில் எட்டாம் தேதி தாண்டியது.

ஆக, தேதிகள் எதுவும் இட்டுக்கட்டியவை அல்ல. இதை நான் அழுத்தி எழுதுகிறேன்.

ஆனால் பேராசிரியருக்கு அனுப்ப ஒரு வரி வேண்டும்: "பிழை __________ உடையது." மாமா தேதி போடவில்லை. மருமகள் படிக்கத் தெரியாமல் படித்தாள். இருவரும் மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து புக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த எல்லையிலும் தாமதம் எதனால் என்று கேட்டால் அந்தப் பக்கம் என்றுதான் பதில் வருமாம், செல்வியே கட்டுரையில் எழுதியிருக்கிறாள்.

5

அப்போது வாயைத் திறந்தது நான்தான். இதை மறைத்திருக்கலாம். முதல் இரண்டு வரைவுகளில் மறைத்திருந்தேன்.

"அந்தப் பார்டர் ஏஜென்ட் தப்பாச் சொல்லிட்டான்னு எழுதிரும்மா. அவன் எங்க வந்து கேக்கப் போறான்" என்றேன். குடும்பத்தில் யாருக்கும் தலைகுனிவு வராமல் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மூத்தவன் வேறு எப்படி—

சுடலைக்கண்ணன் அதுவரை என்னை எதிர்த்துப் பேசியதில்லை. என் தங்கையைக் கட்டியவர், எனக்குரிய மரியாதையைக் குறைத்ததில்லை. அன்று மேஜைமேல் இருந்த புக்கை மூடினார்.

"இல்ல மச்சான். அவன் மூஞ்சிய நான் பாத்ததில்ல. ஆனா பதினாறு வருசமா மழையோ கடையடைப்போ, முந்துன நாளே சொல்லிருதான். அவன் சொன்னத நம்பித்தான் நான் அடுத்த லாரிய ஏத்துதேன். அவன் மேல போட மாட்டேன்."

செல்வி நிமிர்ந்தாள். "மாமா, எத்தனை வாட்டி முன்னாடியே சொல்லியிருக்கான்?"

"எல்லா வாட்டியும்."

கட்டுரையில் ஒத்துழைப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எண்ணைப் போடுவது என்று தெரியாமல் அவள் இரண்டு மாதமாகக் காலியாக விட்டிருந்தாளாம். புக்கைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியிலிருந்து மாமாவை வாசிக்கச் சொன்னாள். அவர் நேத்து, நாளைக்கு, நேத்து என்று சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். முன்கூட்டிச் சொன்னது எத்தனை, பிறகு சொன்னது எத்தனை. மத்தியானச் சாப்பாடு வரை அது நடந்தது. வங்கதேசம் வேகத்தில் முதலிடத்தை இழந்தது. சொல்லிவிட்டுச் செய்வதில் முதலிடம் பிடித்தது.

6

அந்தக் கோடிட்ட இடத்தை எப்படி நிரப்பினார்கள்? மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) செல்வி தன் பெயரைப் போடுகிறாள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது மூன்று நாடுகளுக்குத் தெரிகிறது.

(ஆ) சுடலைக்கண்ணன் தன் பெயரைப் போடச் சொல்கிறார். புக்கின் பெயர் போகிறது.

(இ) இருவர் பெயரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் தலை குனிகிறார்கள்.

விளக்கம் செவ்வாய்க்கிழமையே போயிற்று, பேராசிரியர் ஏற்றுக்கொண்டார், சனிக்கிழமை செல்வி கட்டுரையை வாசித்தாள். இவ்வளவும் சொல்வேன். அந்த வரியில் இருந்தது யார் பெயர் என்பது எனக்குத் தெரியும். என் கையால் எழுத மாட்டேன். உங்கள் வீட்டில் ஒரு மாமாவும் மருமகளும் இருந்தால் அவர்களை மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார வைத்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

7

ஒன்று மட்டும். கருத்தரங்கில் சுடலைக்கண்ணனை உள்ளே விடவில்லை, அவர் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுத் திரும்பினார் என்று லேபர் கேம்ப்பில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. அவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாற்காலியில் நான் இருந்தேன்.